இடது கைப் படகுக்காரன்

காலை ஆறு பதினேழு. கைபேசித் திரையில் முதலில் கண்ணில் பட்டது படகுக்காரனின் கை. அவன் வலது கையால் சலாம் வைத்துக்கொண்டிருந்தான்.

எட்டு மாதங்களாக நான் பார்த்துவந்த படகுக்காரன் இடது கையால் சலாம் வைப்பவன். அதே ஆள், அதே தொப்பி, அதே படகு, பின்னால் அதே விமானம். கை மட்டும் மாறியிருந்தது.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்தது. போய் அணைத்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தேன். வலது கைதான்.

ஆடிப்பெருக்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

தண்ணீர் இல்லாத ஊரில்

இந்தத் தொடரை இடையில் படிக்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. பறக்கும் படகு என்பது தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே எழும்பும் பழைய வகை விமானம். அடிப்பாகம் படகு, மேலே இறக்கை. ஓடுதளம் வேண்டாம், துறைமுகம் போதும். அவற்றில் பல வகைகளை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பழைய படங்களிலிருந்து அவை எவை என்று கண்டுபிடிப்பதும், கடையில் கிடைக்கும் உதிரிகள் இல்லாமல் கையாலேயே சிறிய மாதிரிகள் செய்வதும் என் பொழுதுபோக்கு.

மல்லாங்கிணறு வாசகர் ஒருவர், ‘சாதாரண விமானம் செய்தால் ஆகாதா?’ என்று போன வாரம் கேட்டிருந்தார். ஆகும். ஆனால் சாதாரண விமானத்தை யாரும் தேடவேண்டியதில்லை. நான் முப்பது வருடம் செய்தித்தாளில் உதவி ஆசிரியனாக இருந்தவன். பெயர் தெரியாத படத்தைக் கண்டால், அதன் கீழே ஒரு வரி எழுதும்வரை எனக்குச் சோறு இறங்காது.

விருதுநகரில் இருந்துகொண்டு இதைச் செய்வதில் ஒரு வேடிக்கை உண்டு. என் வீட்டிலிருந்து பார்த்தால் ஆறு தெரியும். தண்ணீர் தெரியாது.

பாப்போம்

கதை ஒரு லேபிளில் தொடங்கியது. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் முதலாளி ஒருவர், தன் அப்பா காலத்தில் முதன்முதலாக அச்சடித்த பட்டாசு லேபிளை என்னிடம் காட்டினார். சிகரெட் பெட்டி அளவு. ஆரஞ்சு வானம், கருநீலக் கடல், நடுவில் வெள்ளை நிறப் பறக்கும் படகு. அதன் மூக்கு வலப்பக்கம் பார்த்திருந்தது. முன்னால் சிறு படகில் ஒருவன் நின்று சலாம் வைத்தான்.

“இத அப்படியே பெருசாச் செஞ்சு ஷோரூம்ல தொங்கவிடணும் அண்ணாச்சி. ஆடிப்பெருக்கன்னைக்கு ஆல்பம் போடுதோம்ல, அன்னைக்கு எல்லா ஏஜெண்டும் வருவாக.”

சிவகாசியில் அடுத்த வருடத்துக்கான காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகத் தைத்து ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவார்கள். அவர்களுக்குப் புத்தாண்டு பிறப்பது அன்றுதான்.

செய்யப்போவது நான் இல்லை, விஸ்வநத்தம் செல்வராணி என்று சொன்னேன். என் முந்தைய மாதிரிகளில் உருப்படியானவை எல்லாம் அவள் கைவேலை என்றும் சொன்னேன். முதலாளி கொஞ்சம் யோசித்தார்.

“சாம்பிள் செக்‌ஷனுக்கு ஒரு ஆள் வேணும். அந்தம்மா வேல சுத்தமா இருந்தா, பாப்போம்.”

பாப்போம் என்பது எங்கள் வட்டார வியாபாரிகளிடம் ‘சரி’க்கும் ‘இல்லை’க்கும் நடுவில் உள்ள சொல். செல்வராணிக்கு அது போதுமாக இருந்தது.

ஃபேன் உள்ள வேலை

செல்வராணியை நான் சந்தித்தது ஒரு கூம்பினால். சில வருடங்களுக்கு முன், ஒரு மாதிரிக்கு எஞ்சின் மூடி தேவைப்பட்டது. புஸ்வாணத்துக்குச் சுற்றும் காகிதக் கூம்பு அதே வடிவம். மருந்து அடைக்காத கூம்பு கேட்டு விஸ்வநத்தத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றேன். அங்கே கூம்பு சுற்றிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து கேட்டாள்:

“எத்தன வேணும்?”

“ரெண்டு.”

“ரெண்டு குரோஸா?” குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன்.

“ரெண்டே ரெண்டு.”

அவள் உள்ளே திரும்பி யாரிடமோ சொன்னாள்: “ஏ, தீவாளி இந்த வருசம் ரொம்பச் சுருக்கம் போல.”

பிறகு நான் கொண்டுபோன வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். “இது நேர்க் கூம்பு இல்ல அண்ணாச்சி. இடுப்புல ஒரு வளைவு இருக்கு,” என்றாள். நான் ஒரு மாதம் வரைந்த படம் அது. வளைவு இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபத்தொரு வருடமாகப் பட்டாசு வேலை. வீட்டில் கூம்பு சுற்றுவது உபரி. பகலில் கம்பெனியில் சரவெடி பின்னுவாள். மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ‘அந்த வேலையை விடு’ என்பதுதான் அவள் பேசும் முதல் வாக்கியம்.

சாம்பிள் செக்‌ஷன் என்றால் என்ன என்று செல்வராணியிடம் விளக்கினேன். எந்தப் பெட்டியையும் ஆல்பத்தையும் மிஷினில் ஓட்டுவதற்கு முன்னால், கையால் வெட்டி, மடித்து, ஒட்டி ஒன்று செய்து பார்க்கும் இடம். அவள் கேட்டது ஒரே கேள்வி.

“அங்கன ஃபேன் உண்டா?”

உண்டு என்றேன்.

“பட்டாசுல மருந்து ரூம் பக்கம் கரண்டே கெடையாது அண்ணாச்சி. சித்திரை மாசத்துல ஒக்காந்து பாத்தாத் தெரியும்.”

அச்சக மேனேஜர் தன் பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைச் சாத்தூரிலிருந்து அந்த வேலைக்குக் கொண்டுவரப் பார்க்கிறார் என்பதும் அவளுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. நிருபர்களே தங்கள் வழிகளைச் சொல்வதில்லை.

ஓர் எம் உயர மனிதன்

ஒரு லேபிளிலிருந்து விமானத்தை அளப்பது எப்படி? படத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவன் படகுக்காரன்.

பத்திரிகை அலுவலகத்தில் எழுத்தை அளக்க எம் ஸ்கேல் என்று ஒன்று வைத்திருந்தோம். ஆறு எம் சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம். படகுக்காரன் ஓர் எம் உயரம். விமானம் பன்னிரண்டு எம் நீளம். பன்னிரண்டு ஆள் படுத்த நீளம் என்றால் சுமார் அறுபத்தாறு அடி. அடிக்கு அரை அங்குலம் என்று குறைத்தால் மாதிரி முப்பத்துமூன்று அங்குலம். ஆள் கொஞ்சம் முன்னால் நிற்பதால் கணக்கில் பிழை இருக்கும். இருக்கட்டும்.

இந்தக் கணக்கை நான் போட்டுக்கொண்டிருந்தபோது செல்வராணி லேபிளை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

“இவன் என்ன, இடது கைக்காரனா?”

“யாரு?”

“சலாம் போடுதானே, இவன்தான்.”

“ஓவியருக்கு அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கும்,” என்று சொல்லிவிட்டு அளப்பதைத் தொடர்ந்தேன். இந்த வாக்கியத்தைப் பின்னால் அவள் எனக்குப் பல முறை திருப்பிச் சொன்னாள், என் குரலிலேயே.

உடம்புக்கு அட்டை. ஒட்டுவதற்கு மயில்துத்தம் கலந்த மைதாப் பசை, பூச்சி அரிக்காது. காலண்டரின் மேல்விளிம்பில் அடிக்கும் தகரப் பட்டைகளை நறுக்கி மேலே போர்த்தினாள். தீர்ந்துபோன பேனா ரீஃபிலின் நுனியால் அதில் ஆணி வரிசைகளைக் குத்தினாள். இறக்கையைத் தாங்கும் கால்களுக்கு மருந்து முக்காத தீக்குச்சி. ஏறும் வாசலை இரண்டு பக்கமும் வைக்கலாம் என்றாள். அந்தக் காலத்து விமானங்களில் ஒரு பக்கம்தான் இருக்கும் என்று நான் அதிகாரத்தோடு மறுத்தேன். லேபிளில் தெரிந்த வலப்பக்கத்தில் வாசலை வெட்டினாள்.

விமானத்தின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. மறந்துபோன பறக்கும் படகுகளை அடையாளம் காண்பதற்கென்றே இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அதில் லேபிளைப் போட்டேன். ஒருவர் இத்தாலி என்றார். ஒருவர் ஓவியரின் கற்பனை என்றார். ஆஸ்திரேலியாவில் கடலோர ஊர் ஒன்றில் இருக்கும் ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர் மட்டும், ‘பொறுங்கள்’ என்று ஒரு சொல் எழுதினார். எட்டு மாதம் பொறுத்தோம்.

அவருடைய அடுத்த செய்திதான் அன்று காலை வந்தது. மூலப் புகைப்படம். ஐரோப்பாவில் கட்டி, விற்காமல் போன ஒரு விமானம். பெயர்கூட வைக்கவில்லை, ஓர் எண் மட்டும். கீழே ஒரு வரி: ‘உங்கள் ஓவியர் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்.’

அதாவது உண்மையான விமானத்தில் வாசல் இடப்பக்கம் இருந்தது. எங்களுடையதில் வலப்பக்கம் இருந்தது.

முந்தானை

இதைக் கண்டுபிடிக்காமல் போனது என் தொழிலுக்கே அவமானம். திரும்பிப்போன படம் என்பது பத்திரிகைக்காரனின் பழைய எதிரி. நெகட்டிவைப் பின்பக்கமாக வைத்துவிட்டால் இடம் வலமாகும், வலம் இடமாகும். அதைப் பிடிக்க எங்களுக்குச் சில குறிகள் உண்டு: கைக்கடிகாரம், தலைவகிடு, சட்டைப்பை, தோள் துண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோலப்போட்டிப் படத்தை அப்படித் தவறவிட்டேன். முதல் பரிசு வாங்கிய அம்மாள் மறுநாளே பேப்பரைக் கையில் சுருட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். முந்தானை வலது தோளில் விழுந்திருந்தது.

“என்னய வடநாட்டம்மாவா ஆக்கிட்டீகளே. எங்க வீட்டுக்காரரு காலையிலருந்து ‘நமஸ்தே’ங்காரு.”

அன்றிலிருந்து எந்தப் படத்திலும் முதலில் தோளைப் பார்ப்பேன். படகுக்காரனின் தோளில் துண்டு இல்லை. நான் கையைப் பார்க்கவில்லை.

யார் கண்டுபிடித்தது

ஏழரை பஸ்ஸில் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை. செல்வராணி வீட்டில் இருந்தாள். வாலில் கடைசித் தகரத்தை அழுத்திப் பிடித்து, பசை காய்வதற்காக நூறுவரை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கக்கூடாது என்று கண்ணால் சொன்னாள்.

கைபேசியை நீட்டினேன். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஓவியருக்கு அம்புட்டுத்தான் தெரிஞ்சிருக்கும்,” என்றாள்.

வாசலை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவள் விரலால் தட்டிக் காட்டினாள். இறக்கையைக் கழற்ற வேண்டும், இரண்டு பக்கமும் தகரத்தை உரிக்க வேண்டும், அட்டையை வெட்ட வேண்டும். கம்பெனி வேலை போக, பதினைந்து நாள்.

“ஒன்பது நாள்தான் இருக்கு.”

“எனக்கும் எண்ணத் தெரியும் அண்ணாச்சி.”

பக்கத்து வீட்டு ரேடியோவில் விளம்பரம் ஓடியது.

“மொதலாளி கேட்டது லேபிள்ல இருக்க கப்பலையா, சீமைல இருந்த கப்பலையா?” என்றாள்.

“லேபிள்ல இருக்கறது.”

“அப்ப இது சரி.”

“ஆனா தப்புன்னு தெரிஞ்ச பிறகு சொல்லாம இருக்க முடியாது.”

“சொன்னா மேனேஜருக்குக் கொண்டாட்டம். ‘வாசலையே மாத்தி வெட்டுற பொம்பளைக்கு சாம்பிள் செக்‌ஷனா’ம்பாரு. சாத்தூர்க்காரன் மறுநாளே வந்து ஃபேனுக்கடியில ஒக்காந்துருவான்.”

அவள் சொன்னதில் தவறில்லை. அந்த வாசலை ஒரு பக்கம் மட்டும் வெட்டச் சொன்னவன் நான். நானே போய் என் தவறென்று முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“நீங்க எதுக்குச் சொல்லணும்? நீங்க சொன்னா கண்டுபிடிச்சது நீங்களாப் போயிரும். இடது கைனு மொதல்ல சொன்னது நானு. நானே சொல்லுதேன்.”

எல்லாம் வலப்பக்கம்

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அச்சகத்தில் ஆல்பத்துக்கான கடைசித் தாள்கள் ஓடிக்கொண்டிருந்தன. தரை அதிர்ந்தது, மை வாசனை முதலாளியின் அறைக்குள் வரை வந்தது.

“வாங்க அண்ணாச்சி, வாங்கம்மா. சாப்பிட்டீகளா?”

“ஆச்சு மொதலாளி. ஒரு தப்பு நடந்துபோச்சு,” என்று செல்வராணி நேராகத் தொடங்கினாள். லேபிளையும் புகைப்படப் பிரதியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “கப்பல் வாசல் இடப்பக்கம் இருக்கணும். நாங்க வலப்பக்கம் வச்சிட்டோம். லேபிள்ல படமே திரும்பித்தான் கெடக்கு. இந்த ஆளு கையப் பாருங்க.”

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

“எங்க அய்யா வேல இது. லேபிள்ல எதையும் இடப்பக்கம் பாக்க விடமாட்டாரு. இடப்பக்கம் பாத்தா ஏவாரம் வந்த வழியே திரும்பிப் போயிரும்பாரு. யானையக் கொண்டாந்தாலும் சரி, ரயிலக் கொண்டாந்தாலும் சரி, ‘திருப்புலே’ம்பாரு.”

பழைய லேபிள்கள் ஒட்டிய தடித்த நோட்டை எடுத்துப் போட்டார். புரட்டினேன். மான், சேவல், சிங்கம், கார், பாய்மரக் கப்பல். எல்லாம் வலப்பக்கம். இந்த எட்டு மாதத்தில் பல முறை இந்த நோட்டைப் புரட்டியிருக்கிறேன். இதையும் கவனித்ததில்லை.

ஒரே ஒரு குதிரை மட்டும் இடப்பக்கம் பார்த்தது. “இது எந்தக் கம்பெனி?” என்றேன்.

“அது இப்ப இல்ல,” என்றார் முதலாளி.

செல்வராணி விஷயத்தை விடவில்லை. “அப்ப வாசல மாத்தணுமா மொதலாளி?”

“மூக்கு வலப்பக்கம் பாக்குதா?”

“பாக்குது.”

“வாசல் தெரியுதா?”

“தெரியுது.”

“பெறகென்ன?”

நான் குறுக்கிட்டேன். விமானத்தின் வயிற்றில், ‘லேபிளில் மூலப்படம் இடவலம் மாறியுள்ளது’ என்று ஒரு திருத்தம் ஒட்டியே ஆக வேண்டும் என்றேன்.

“எம்புட்டுப் பெருசா?”

“ஆறு பாயிண்ட்.”

அச்சகக்காரருக்கு ஆறு பாயிண்ட் எவ்வளவு சிறிது என்று தெரியும். “தாராளமா ஒட்டிக்கோங்க.”

அப்போதுதான் மேனேஜர், மிஷினிலிருந்து எடுத்த ஈரத் தாளோடு கையெழுத்துக்காக உள்ளே வந்தார். சரஸ்வதி படம். வெள்ளைப் புடவை, வீணை, காலடியில் அன்னம். முதலாளி பேனாவைத் திறந்தார்.

செல்வராணி தாளைப் பார்த்தாள். என் பக்கம் சாய்ந்து, “இங்கயும் கை மாறிக் கெடக்கு,” என்று முணுமுணுத்தாள்.

பேசாமல் இரு என்று நான் ஜாடை காட்டினேன். வந்த காரியம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. அந்த மேனேஜரின் கீழேதான் அவள் வேலை பார்க்க வேண்டும்.

அவள் பேசினாள். “மொதலாளி, சரஸ்வதி இடது கையால வீண வாசிக்குது.”

பேனா நின்றது. முதலாளி தாளைத் தன் பக்கம் திருப்பினார். வீணையின் குடம் தேவியின் இடப்பக்கம் இருந்தது. தந்தியை மீட்டியது இடது கை.

“என்னய்யா இது?”

மேனேஜர் உண்மையிலேயே மனம் நொந்துபோனார். “மொதல்ல அன்னம் இடப்பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு மொதலாளி. பெரியவரு சொன்ன வழக்கமாச்சே. அதான் படத்தத் திருப்பச் சொன்னேன்.”

ஒரு பக்கம் அப்பா வைத்த விதி, மறுபக்கம் சரஸ்வதி. முதலாளி இரண்டையும் மாறி மாறி யோசித்தது அவர் முகத்தில் தெரிந்தது.

“அன்னத்த மட்டும் திருப்பலாம்ல,” என்றாள் செல்வராணி. “அது பறவதான. எங்கிட்டுப் பாத்தா என்ன?”

முதலாளி எழுந்து கதவருகே போனார். “ஏலே! மிஷின நிறுத்துலே!”

தரையின் அதிர்வு நின்றது. மேனேஜர் தாளை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது செல்வராணியை ஒரு முறை பார்த்தார். அது நல்ல பார்வை இல்லை.

பஸ் நிறுத்தத்தில் அவளைத் திட்டினேன். ஓர் ஐந்து நிமிடம் பொறுத்திருக்கலாமே, தனியாகச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள்.

“அதுக்குள்ள கையெழுத்துப் போட்டிருப்பாருல்ல.”

முதலாளி வேலையைப் பற்றி அன்று ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பாப்போம் என்றுகூட.

ஆடிப்பெருக்கு

விமானத்தைப் பழைய போர்வை சுற்றி வாடகை வேனில் கொண்டுபோனோம். செல்வராணி அதைக் கைக்குழந்தை போல மடியில் வைத்திருந்தாள். இறக்கைகள் இரண்டு ஜன்னல்களிலும் எட்டிப் பார்த்தன. திருத்தங்கலில் ஒரு போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தி, இது என்ன என்று கேட்டார். “ஏரோப்பிளான் கப்பல்,” என்றாள். அவர் யோசித்துவிட்டு, “எந்தக் கம்பெனி வெடி?” என்றார்.

ஷோரூமின் நடுவில் தொங்கவிடத்தான் கொக்கி மாட்டியிருந்தார்கள். செல்வராணி ஏணியில் ஏறுவதற்கு முன் நின்றுவிட்டாள்.

“நடுவில விட்டா, உள்ளருந்து பாக்கிறவுகளுக்கு இடப்பக்கம்ல போகும்?”

உள்ளே இருந்து பார்க்கும் இடத்தில் முதலாளியின் நாற்காலி இருந்தது. கொக்கியைக் கழற்றி, சுவரை ஒட்டி மாட்டினார்கள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் பூசைக்கு வந்த ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏஜெண்டுகள் வந்தார்கள். சந்தனம், கல்கண்டு, கேசரி. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தகரம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்தது. ஒருவர் அந்த ஆணிகள் நிஜமா என்று கேட்டார். வாசலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் திருத்தத்தைப் படிக்க வேண்டுமானால் தரையில் மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது. நான் மட்டும் மல்லாந்து படுத்து, ஓர் எழுத்தும் பிழையில்லை என்று சரிபார்த்தேன்.

ஆல்பத்தின் மூன்றாவது தாளில் சரஸ்வதி வலது கையால் வீணை வாசித்தாள். அன்னம் வலப்பக்கம் பார்த்தது.

மாலையில் முதலாளி செல்வராணியிடம் ஓர் ஆல்பமும் ஒரு கேசரிப் பொட்டலமும் கொடுத்தார். மேனேஜரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். நான் நின்ற இடத்தில் மிஷின் சத்தத்தில் அது கேட்கவில்லை. தனக்கும் கேட்கவில்லை என்றாள் செல்வராணி. விஸ்வநத்தம் பஸ்ஸில் ஏறும்போது, “நாளைக்குச் சரம் பின்னப் போகணும்,” என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு இருபத்தைந்துக்குச் செல்வராணி சாம்பிள் செக்‌ஷன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். பேனா மேனேஜருடையது.